பட்டியலில் எழுதாத தாலி

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன மறு வருஷம், பங்குனி மாதத்தில், திருச்சி விமான நிலையத்தில் சுங்க மேஜை முன்னால் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த மேஜையை நினைத்தால் காது மடல் சூடாகிவிடும். எப்போதோ நடந்ததை இன்னும் எதற்குக் கிளறுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். நானும் மாமியாரும் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டுப் போனவர், அப்புறம் வரவே இல்லை. வர மனமில்லாமல் இல்லை. அங்கே அவருக்குக் கொடுத்திருந்தது தற்காலிகமாகத் தங்கும் அனுமதி. ஊருக்கு வந்து திரும்பினால் அதைப் புதுப்பித்துத் தருவார்களோ மாட்டார்களோ என்று பயம். நான் அங்கே போகலாமென்றால் எனக்கு விசா வேண்டும். இப்படியே நான்கு வருஷம் கடிதத்திலேயே குடும்பம் நடத்தினோம்.

என் மாமனார் காலத்தில் இந்தப் பாடு எதுவும் கிடையாதாம். முசிறிக்குப் போய்வருவது மாதிரி கொழும்புக்குப் போய்வந்தார் என்று மாமியார் சொல்லுவார். ரயில், அப்புறம் படகு, மறுபடி ரயில், அவ்வளவுதான். நடுவில் இரண்டு சர்க்காரும் சேர்ந்து அந்த ஒரு துண்டுக் கடலை எவ்வளவு அகலமாக்கிவிட்டார்கள் என்பது, மனு எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. அவருக்கு டைபாய்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று கடைக்காரர் எழுதியிருந்தார். மாமியார் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தவர், பாதி ஆளாகிவிட்டார். அவருக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே மாமனார் போய்விட்டார். அவன் கிடக்கிற நிலைமையை உன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்லு என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

என் அண்ணன்தான் அலைந்தான். பாஸ்போர்ட்டுக்கு ஒரு தடவை, விசாவுக்கு மூன்று தடவை சென்னைக்குப் போய்வந்தான். அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டுக்கொண்டதற்கு ஒரு மஞ்சள் புத்தகம். கையில் எவ்வளவு பணம் கொண்டுபோகலாம் என்பதற்குத் தனி அனுமதி, அந்தப் பணமோ கொழும்பில் பத்து நாள் காய்கறி வாங்கக் காணாது. புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால், ஆஸ்பத்திரிச் சான்றிதழ் எங்கே என்று பதில் வந்தது. சான்றிதழ் வந்து சேர்ந்தபோது அவருக்குக் காய்ச்சல் விட்டு, கஞ்சி குடிக்க ஆரம்பித்துவிட்டார். விசா அதற்கும் பிறகு வந்தது. படகில் போவதாக ஏற்பாடு. மார்கழியில் அடித்த புயலில் ரயிலும் படகுத்துறையும் போய்விட்டதால், என்னிடம் இருந்த ஒரு சங்கிலியை விற்று விமான டிக்கெட் வாங்கினோம்.

தை மாதக் கடைசியில் கிளம்பினேன். தங்கக் கட்டுப்பாடு வந்து, ஒரு குன்றிமணித் தங்கத்தைக்கூட அதிகாரிகள் முறைத்துப் பார்த்த காலம் அது. போட்டிருக்கும் நகைகளுக்கெல்லாம் பட்டியல் எழுதி, சுங்கத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வரும்போது பட்டியலில் இருப்பதெல்லாம் நம்முடையது, இல்லாதது வெளிநாட்டுச் சரக்கு. இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் அந்த மேஜையில் இருந்த ஒரு வயதான குமாஸ்தா. நல்ல மனிதர். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதிக்கொண்டார். வளையல் நான்கு, தோடு ஒரு ஜோடி, மூக்குத்தி ஒன்று, மோதிரம் ஒன்று. "வேற ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார். நான் என் கையைப் பார்த்தேன், காதைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் என்றேன். அவரும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

தாலிச் சரடு என் கழுத்தில்தான் இருந்தது. அவர் பார்வையிலும் பட்டிருக்கும். எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நகை என்றால் பெட்டியில் வைப்பது, அவசரத்துக்கு அடகு வைப்பது, விசேஷத்துக்கு இரவல் கொடுப்பது. தாலியை யாராவது அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா? எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணிடம் நகைப் பட்டியல் கேட்டாலும் இப்படித்தான் சொல்லியிருப்பாள்.

கொழும்பில் இரண்டு மாதம் இருந்தேன். அதைப் பற்றி எழுதினால் இது முடியாது. அவர் இளைத்திருந்தார், நான் ஆக்கிப்போட்டுத் தேற்றினேன். விசா முடிவதற்கு முந்தின நாள், ஊருக்குப் போகிறோமே என்று பூந்திக்கொட்டையை ஊறவைத்து வளையலையும் தாலிச் சரட்டையும் தேய்த்துக் கழுவினேன். பளபளவென்று ஆகிவிட்டது. அதுவும் எனக்கு வினையாக முடிந்தது.

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் பாலக்கரையைச் சேர்ந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். முஸ்லிம், நாற்பது வயது இருக்கும், புடவைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தார். அவர் புருஷனுக்கும் கொழும்பில்தான் கடை. போகும்போதே எனக்கு விமானத்தில் குமட்டியிருந்தது. அவர் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்துகொண்டே வரச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் என் கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். மாமியார் பிள்ளையை நினைத்துப் பாதியாகிப் போனதையும் சொன்னேன்.

இறங்கி வரிசையில் நின்றோம். ஜன்னல் வழியே பார்த்தால் வெளியே கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணனும், அவன் பக்கத்தில் வெள்ளைப் புடவையில் மாமியாரும் நின்றார்கள். உச்சி வெயில். விமான நிலையத்துக்கு வரவேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று எழுதியிருந்தேன். கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறவளின் முகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார்.

மேஜையில் இந்தத் தடவை இருந்தவர் வேறு ஓர் அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு நம் ஊர்ப் பேச்சு, விரலில் கல்யாண மோதிரம். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பாஸ்போர்ட்டை நீட்டியவர், நீட்டின கையை அப்படியே இழுத்துக்கொண்டார்.

"கழுத்துல என்னம்மா, புதுசா மின்னுது? பட்டியல்ல இல்லையே."

"அது தாலிங்க."

"தங்கம்தானே?"

"தங்கம்தாங்க. ஆனா தாலி."

"தங்கம்னா எழுதியிருக்கணும். எழுதலைன்னா போகும்போது இது உங்க கழுத்துல இருந்துதுன்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நான் கல்யாணமானவள், புருஷனைப் பார்க்கத்தான் போகிறேன் என்று விசாவிலேயே எழுதியிருக்கிறது, தாலி இல்லாமலா போயிருப்பேன் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து தாலி, ஒட்டியாணம் என்ற பெயரில் தங்கம் வருகிறது, கழுத்திலும் இடுப்பிலும் போட்டு அனுப்புகிறார்கள், எங்களுக்கும் மேலே பதில் சொல்ல வேண்டும் என்றார். எவனோ கள்ளக்கடத்தல் செய்கிறான் என்பதற்காக என்னைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? அதையும் அவர் மரியாதையாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால்கூட நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வாங்க, போங்க, அம்மா என்று சொல்லிக்கொண்டே கழற்றச் சொன்னார்.

சரட்டைக் கழற்றிக் கொடுத்தால் எடை போட்டு, உறையில் போட்டு, ரசீது தருவார்களாம். போவதற்கு முன்பே அது என்னுடையதுதான் என்று ருசு கொண்டுவந்து காட்டினால் திருப்பிக் கொடுப்பார்களாம். மாட்டேன் என்றால் மேலதிகாரி வரும்வரை உட்கார வேண்டும். அவர் புதுக்கோட்டைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் ஆகும்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். என் தாலி போவதைவிட அப்போது எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. டைபாய்டு வந்த பிள்ளையைப் பார்க்கப் போன மருமகள், வெறுங்கழுத்தோடு வெளியே வந்தால் அந்த அம்மாள் என்ன நினைப்பார்? வாயைத் திறந்து நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அங்கேயே விழுந்துவிடுவார். அதை அதிகாரியிடம் சொன்னேன். மாமியார் வெளியே நிற்கிறார், இதய பலவீனம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, ஒரு மஞ்சள் கயிறாவது வாங்கிக் கட்டிக்கொண்டு இதைக் கழற்றுகிறேன், அண்ணனைக் கூப்பிட விடுங்கள் என்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. பரிசோதனை முடியும்வரை வெளியாட்களோடு பேசக்கூடாது, அது விதி என்றார். கயிற்றை வெளியே போய்க் கட்டிக்கொள்ளலாமாம்.

எனக்குப் பின்னால் நின்ற பாலக்கரை அம்மா அப்போது முன்னே வந்தார். "சார், நானும் எழுதலை. என் கருகமணியில கோத்திருக்கறதும் தங்கம்தான்" என்று துப்பட்டியை விலக்கிக் காட்டினார். கருகமணி அவர்களுக்குத் தாலி மாதிரி. பேசாமல் இருந்திருந்தால் அதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். தானும் மாட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்துதான் பேசினார். அதிகாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் பேப்பரை வாங்கி முத்திரை குத்தினார்.

"உங்களை நான் கேக்கலையே. உங்க பேப்பர் சரியா இருக்கு, நீங்க போங்க."

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? விதி என்றால் அந்த அம்மாவுக்கும் அதுதானே. ஒரு நாளைக்கு ஒரு கேஸ் எழுதினால் போதும் போலிருக்கிறது, அந்த ஒன்று நானாகப் போய்விட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "தங்கச்சி, அந்த வெள்ளைச் சீலை கட்டினவங்கதானே? நீ உடனே வெளியே வராதே. நூறு எண்ணிட்டு வா" என்று என் காதருகே சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நான் என் கையாலேயே கழற்றினேன். வேறு யாரும் தொட விடவில்லை. சின்னத் தராசில் வைத்து நிறுத்தார். ரசீதை ஆங்கிலத்தில் எழுதினார். அண்ணன் பிற்பாடு படித்துச் சொன்னான்: மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று, தொங்கலுடன். தங்கம் என்று சொல்லித்தானே பிடுங்கினாய், அதை எழுதவும் மனம் வரவில்லையா? பெருமாள் நாமம் போட்ட தாலி உனக்குத் தொங்கலா? அங்கே அது தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு, நூறு வரை எண்ணிவிட்டு வெளியே வந்தேன்.

மாமியார் நின்றுகொண்டுதான் இருந்தார். பாலக்கரை அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர் நேரே அவரிடம் போய், "அம்மா, உங்க மகன் நல்லா இருக்காரு. உங்க மருமக அவரைத் தேத்திட்டுத்தான் வருது. தாலியைக் கஸ்டம்ஸ்ல வாங்கி வச்சிருக்காங்க, வேற ஒண்ணுமில்லை, கழுத்தைப் பாத்துப் பதறாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் ரோட்டோர மளிகைக் கடைக்கு ஓடி மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கி வந்துவிட்டான்.

மாமியார் என் முந்தானையை விலக்கி ஒருமுறை பார்த்தார். மஞ்சளைக் கயிற்றில் கட்டி என் கையில் கொடுத்தான் அண்ணன். கழுத்துக்குப் பின்னால் எனக்கு முடிச்சு விழவில்லை. மாமியார் கையை நீட்டியவர், சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வீட்டில் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தன் கையால் வாங்கமாட்டார், அவ்வளவு சாஸ்திரம் பார்ப்பவர். திரும்பிப் பாலக்கரை அம்மாவைப் பார்த்தார்.

"நான் தொடக்கூடாதும்மா. நீங்க சுமங்கலி. நீங்க முடிச்சுப் போடுங்க."

"நான் போடலாமாம்மா?"

"நீங்கதான் போடணும்."

பிறத்தியார் தொட்ட குடத்துத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி காவிரிக்குப் போகிற மாமியார் அவர். அன்று அந்த அம்மா என் பின்னங்கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை கண்ணை மூடி நின்றார். அப்புறம்தான் அழுதார். பாலக்கரை அம்மாவை அழைத்துப்போக வந்தவர் வண்டியோடு காத்திருந்தார். பெயரைக்கூடக் கேட்கத் தோன்றாமல் வழியனுப்பிவிட்டேன். அந்தக் குறையும் எனக்கு இன்றுவரை உண்டு.

தாலியைத் திரும்ப வாங்க ஏழு வாரம் அலைந்தோம். செய்த ஆசாரியிடம் ரசீது கேட்டார்கள். தாலிக்கு யாராவது ரசீது வாங்குவார்களா என்று ஆசாரி எங்களையே திட்டினார். கல்யாண போட்டோ கொண்டுபோனோம். அதில் மாலைதான் தெரிகிறது, தாலி தெரியவில்லை என்றார்கள். கடைசியில், இந்தத் தாலி என்னால் இன்ன வருஷம் என் மனைவிக்குக் கட்டப்பட்டது என்று என் கணவர் கொழும்பில் ஒரு வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பார்க்கலாம் என்றார்கள். அனுப்பினார். பெருமாள் சாட்சியாக, முந்நூறு பேர் அட்சதை போட்டு நடந்த கல்யாணத்துக்கு ஒரு வக்கீல் முத்திரை வைத்துத்தான் நான் அவர் பெண்டாட்டி என்று ருசுவாயிற்று.

திருப்பி வாங்கப் போன அன்று மேஜையில் அதே அதிகாரி. பழுப்பு உறையின் அரக்கை உடைத்து, சரட்டை எடுத்து வைத்தார். இளக்காரமாக இல்லை, ஆதரவாகவே சொன்னார்.

"அன்னிக்கே பட்டியல்ல ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா இந்த அலைச்சலே இல்லையேம்மா."

அண்ணன் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். அவனுக்கு என் வாய் தெரியும். நான் கேட்டே விட்டேன்.

"உங்க வீட்டு அம்மாவை நகைப் பட்டியல் போடச் சொன்னா, அவங்க தாலியை எழுதுவாங்களா சார்?"

அவர் விரல் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "எழுத மாட்டாங்கதான். தோணாது" என்றார். பிறகு ரசீதை என் பக்கம் தள்ளி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார்.

தெரியாமல் செய்திருந்தால் அன்றோடு விட்டிருப்பேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அது தாலி என்று தெரியும், நான் ஏன் எழுதவில்லை என்று தெரியும், வெளியே நின்ற கிழவிக்கு என்ன ஆகும் என்று நானே சொல்லியிருந்தேன். அத்தனையும் தெரிந்துகொண்டே கழற்றச் சொன்னார். அதுதான் இன்னும் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடத்துகிறவனைப் பிடிக்கட்டும், நன்றாகப் பிடிக்கட்டும்.

என் கணவர் பிறகு கொழும்பை விட்டே வந்துவிட்டார். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் இருபது வருஷத்துக்குமேல் உட்கார்ந்தேன். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் விண்ணப்பத்தில் ஏதாவது ஒரு வரியை விட்டுவிட்டு நிற்பார்கள். தாலி கட்டின புருஷன் பெயரை எழுதக் கூசி அந்த இடத்தைக் காலியாக விட்டு நீட்டின பெண்கள் எத்தனையோ பேர். எதனால் எழுதவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டால், யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை, விசாரித்து அந்த வரியை நானே எழுதிக்கொண்டேன். அப்படி எழுதும் ஒவ்வொரு தடவையும் அந்த அதிகாரிதான் நினைவுக்கு வருவார். அன்றைக்கு அவர் கையிலும் பேனா இருந்தது.